கன்னியப்பன் கட்டிய நிமிரும் படகு

"கவுந்தாலும் தானா நிமிர்ற படகு கட்டப்போறேன்" என்று கன்னியப்பன் சொன்னபோது பழவேற்காடே கைகொட்டிச் சிரித்தது. சிரிக்கட்டும், இந்தக் கூட்டத்துக்கு என்ன தெரியும்? ஒல்லாந்தர் கோட்டையில் கழித்துப்போட்ட பீரங்கிக் குண்டுகளைத் தூக்கி வந்து, படகின் அடிவயிற்றில் வரிசையாகப் பதித்தான்.

வாடைக்காற்று சீறிய ஒரு காலையில், வரமாட்டேன் என்ற மச்சினன் எல்லப்பனையும் இழுத்துப் போட்டுக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டினான். வந்த பேரலையில் படகு குப்புறக் கவிழ்ந்தது. மறுகணமே, சொன்ன சொல் தவறாமல் நிமிர்ந்து, அலைமேல் ஏறி, ஒய்யாரமாகக் கரையைப் பார்த்துப் போனது.

அலைகளுக்கு நடுவே தத்தளித்த கன்னியப்பன், வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டுக் கத்தினான்: "பாத்தியாடா, நிமிந்துச்சு!"

துடுப்பைக் கட்டிப்பிடித்து மிதந்த எல்லப்பன் சொன்னான்: "நிமிந்துச்சு மாமா. நம்மளையும் ஏத்திக்கினு போவ சொல்லிக் குடுத்திருக்கலாம் இல்ல?"