தம்பிதுரையின் கனம்

“ஏனுங்க, கட்டில் காலு தரைக்குள்ள எறங்கிப்போச்சுங்க.”

“சிமெண்டுல கலப்படம் அம்மணி. கொத்தனாரை நாளைக்கு ஒரு வழி பண்ணிப்போடறேன். நீ தூங்கு.”

கல்யாணமான புதிதில் நடந்த இந்தப் பேச்சைப் பிரவீனா மறக்கவேயில்லை. கொத்தனார் மேல் தப்பில்லை. கனம் அவள் புருஷன் தம்பிதுரையிடம் இருந்தது. பார்க்க முருங்கைக் குச்சி மாதிரி இருப்பான். எடையோ ஒரு எருமைக்குச் சமம். பல்லடத்துக்குப் பக்கத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை அவனுடையது. அந்தப் புகையில் நின்ற வருஷங்களெல்லாம் உடம்புக்குள் ஈயமாக இறங்கியிருந்தன. ஊருக்கு இது பழகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் அவனை நடுவில் உட்காரச் சொல்வார். கிணற்றில் இறங்கினால் இடுப்பில் கயிறு கட்டி விடுவார்கள்.

பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. அதற்கு யாரும் கனத்தைக் காரணம் சொல்லவில்லை, பிரவீனாவைச் சொன்னார்கள். மாமியார் பழனாத்தாள் அக்கம்பக்கம் கேட்கும்படி, “எங்கூட்டுக் கோழிக்கு இருக்கற ரோசங்கூட இவளுக்கு இல்ல,” என்பாள். ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா பிரவீனாவைச் சோதித்துவிட்டு, “உங்ககிட்ட ஒரு குறையும் இல்லைங்க. ஈயம் ரத்தத்துல சேர்ந்தா ஆம்பளைங்க விந்தணு கெட்டுப்போகும். அவரைக் கூட்டிட்டு வாங்க,” என்றார். பட்டறையில் வேலை பார்த்த இல்யாஸும் அப்படித்தான் கனத்துக் கிடந்தான். வேலையை விட்டுக் கோபிப் பக்கம் தேங்காய் வியாபாரத்துக்குப் போனான். வருஷம் போகப் போகக் கனம் இறங்கியது. இப்போது சைக்கிளில், அதன்பிறகு பிறந்த மகளை முன்னால் உட்கார வைத்து மிதிக்கிறான். இதையெல்லாம் சொல்லப் பிரவீனா வாயெடுக்கும்போதெல்லாம் தம்பிதுரை முறைப்பான். சொல்ல வந்ததை விழுங்கிவிடுவாள்; அவள் தின்ற சோறெல்லாம் துருப்பிடித்த ஆணியாக ருசித்தது.

நாத்தனார் மகளின் காதுகுத்தில், சீர்த்தட்டை எடுக்கக் குனிந்தவளின் கையைப் பழனாத்தாள் தட்டிவிட்டாள். “வவுறு தொறக்காதவ தொட்டா புள்ளைக்கு ஆகாது. தள்ளி நில்லு.”

மண்டபம் முழுக்கக் கேட்டது. தூணோரம் நின்றிருந்த தம்பிதுரைக்கும் கேட்டது. காலடியில் டைல்ஸ் விரிசல் விட்டது. முழங்கால்வரை தரைக்குள் போனான், பிறகு இடுப்புவரை போய் நின்றான். மண்டபத்து மேனேஜர் வந்து உடைந்த டைல்ஸைப் பார்த்துவிட்டுப் போனார். பரிமாறுகிறவன் குனிந்து, “அண்ணா, பாயசம் குடுக்கட்டுங்களா?” என்று கேட்டான்.

பிரவீனா வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் கண் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் முறைப்பு இல்லை. பழனாத்தாள் காதிலும் விழும்படி அவள் சொன்னாள்:

“ஏனுங்க, எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சுங்க. நாளைக்குப் பட்டறையைப் பூட்டிப்போட்டு எங்கூட ஆர்.எஸ்.புரத்துக்கு வாங்க. இந்தத் தடவை உங்களைப் பாக்கட்டும்.”