கழுவிக் கொடுத்தவர்

நூலகர் ரஃபி அகமது அந்த ஆய்விதழைத் தபால் உறையோடு கொண்டுவந்து ஆய்வக மேசைமேல் வைத்து, "உங்க பூச்சி வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அமிர்தவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு உறையைக் கிழித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் வரைந்த படங்கள் இருந்தன. ஆறு தகடுகள் சேர்ந்த ஓடு, அதன் வாயை மூடும் குட்டிக் கதவுகள், கதவின் கீழ்முனையில் அகலமான முள். நான்காவது படத்தில் பேனா வழுக்கி விழுந்த சின்னக் கோடுகூட அப்படியே அச்சாகியிருந்தது. தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர், கிருஷ்ணராஜ். அந்த உயிருக்கு வைத்திருந்த பெயர் அலைமின் திட்ட இயக்குநருடையது, பின்னால் ஒரு லத்தீன் வாலோடு. தன் பெயரைத் தேடித் தேடிக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கண்டாள். மாதிரிகளைக் கழுவிக் கொடுத்த உதவிக்காக செல்வி டி. அமிர்தவள்ளிக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

அது எண்பத்தாறாம் வருடம். வேலூர்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் அவள் எட்டு வருடமாகச் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர். கிருஷ்ணராஜ் அங்கேயே விரிவுரையாளர், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பிள்ளை. எண்ணெய் விலை ஏறிப்போன பிறகு, கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று தெற்கே ஒரு கடற்கரையில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எந்திரத்தை இறக்குவதற்கு முன்னால் இரும்புத் தகடுகளைத் தண்ணீரில் தொங்கவிட்டு, என்னென்ன உயிர்கள் வந்து ஒட்டுகின்றன என்று பார்க்கவேண்டியிருந்தது. மீனவர்கள் கொட்டலசு என்று சொல்லும் ஓட்டுயிர் பெருகினால் எந்திரத்தின் வாய் அடைத்துக்கொள்ளும். எந்த இனம் என்று தெரிந்தால்தான் எந்தப் பூச்சு தாங்கும் என்று சொல்ல முடியும். அந்தப் பொறுப்பு கிருஷ்ணராஜுக்குக் கிடைத்தது. மாதம் ஒருமுறை போய், தகட்டிலிருந்து சுரண்டியதை ஸ்பிரிட் பாட்டில்களில் அடைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். பிரிப்பதும் இனம் பார்ப்பதும் அமிர்தவள்ளி. முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்: "என் கண்ணுக்கு மைக்ராஸ்கோப் ஒத்துவரல, அமிர்தம். பேப்பர் ரெண்டு பேர் பேர்லயும்தான் வரும்."

கடலை அவள் வாழ்க்கையில் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஆம்பூரிலிருந்து காலை பஸ்ஸில் ஏறும்போதே அன்றைக்கு எந்த பாட்டில், எந்தத் தகடு என்று மனசு ஓடத் தொடங்கிவிடும். கலந்து கிடக்கும் குப்பையைப் பிரித்து, இது இன்ன வகுப்பு, இது இன்ன குடும்பம் என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்காரவைப்பதில் அவளுக்கு ஒரு தனி நிறைவு இருந்தது. பதினான்காவது மாதம், எந்தப் பட்டியலிலும் அடங்காத அந்த அகல முள் கண்ணில் பட்டது. கிருஷ்ணராஜ் துறை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். அவளும் பூரித்துத்தான் போனாள். ஒரு வாரம் கழித்துச் சந்தேகம் வந்தது. வளர்ந்ததா, இளசா தெரியவில்லை, அடுத்த பருவத்துத் தகடுகள் வரட்டும், அதுவரை அனுப்ப வேண்டாம் என்றாள். அவர் சரியென்று தலையாட்டினார்.

இதழ் வந்த அன்று சாயங்காலமே அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். அப்பா தேவசகாயம் முப்பத்தொரு வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பு ஊறல் தொட்டியில் நின்று தோல் கழுவியவர். சுண்ணாம்பு தின்ற விரல்களில் நகம் சரியாக இல்லை. மகள் ஒரு உயிருக்குப் பேர் வைக்கப்போகிறாள் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். இதழை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பெயர் எங்கே என்று கேட்டார். அவள் காட்டினாள். அவர் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இன்னா எழுதிக்கிறாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான் கழுவிக் குடுத்தேன்னு எழுதிக்கிறாங்கப்பா."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, "பத்திரமா வெய்யி" என்று இதழை அவளிடமே கொடுத்துவிட்டு எழுந்து முகம் கழுவப் போனார்.

மறுநாள் அவள் கேட்டபோது கிருஷ்ணராஜ் கதவைச் சாத்தினார். அவர் குரலில் கோபமில்லை, அதுதான் அவளைக் கலக்கியது. திட்டத்தில் நிரந்தரப் பதவி ஒன்று வருகிறது, இயக்குநர் மனசு வைத்தால்தான் கிடைக்கும் என்றார். "உங்க பேரும் போட்டா இனம் பாத்தது யாருன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது? கழுவனது பொய்யில்லையே."

"பொய்யில்ல சார். நான்தான் கழுவனேன்" என்றாள். ஆறு வருடமாக ஒரே மேசையில் டிபன் பாக்ஸ் திறந்தவர்கள். அன்றிலிருந்து அவள் மரத்தடியில் போய்ச் சாப்பிட்டாள்.

அடுத்த பருவத்துத் தகடுகளின் பாட்டில்கள் பிப்ரவரியில் வந்தன. தொடவே கூடாது என்று இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் கை தானாகப் போயிற்று. அகல முள் உள்ளவை பத்துப் பதினைந்து இருந்தன. அவற்றைவிடக் கொஞ்சம் பெரியவை இருந்தன, முள் சற்று ஒடுங்கி. இன்னும் பெரியவை, முள் இன்னும் ஒடுங்கி. அவற்றில் ஏழு எடுத்துச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக வைத்தாள். ஏழாவது, எந்தத் துறைமுகத்துப் படகின் அடியிலும் அப்பிக்கிடக்கும் சாதாரணக் கொட்டலசு. புது இனம் என்று ஒன்று இல்லவே இல்லை. அவள் பயந்தது போலவே அது இளசுதான். சிரிப்பு வரும் என்று நினைத்தாள், வரவில்லை. முதலில் ஏமாந்தது தன் கண்தானே என்று நெஞ்சு காந்தியது.

சனிக்கிழமை கிருஷ்ணராஜ் வந்தார். பாட்டில்களைத் திட்ட அலுவலகத்தில் ஒப்படைக்க அன்றே கிளம்பவேண்டும், தோளில் பை இருந்தது. அவள் மைக்ராஸ்கோப்பை அவர் பக்கம் நகர்த்தினாள். கண் ஒத்துவராது என்றவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது நெற்றி வியர்த்திருந்தது.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"நான் பாத்தேன் சார்."

"இந்த ஏழும் தனியா இருக்கட்டும், அமிர்தம். அடுத்த பேப்பர்ல உங்க பேருதான் முதல்ல. சத்தியமா."

அவள் அந்த ஏழு கொட்டலசுகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாட்டிலுக்குள் விட்டாள். கெட்டித்தாளில் ஒரு துண்டு நறுக்கி, ஸ்பிரிட்டில் மை கரையும் என்பதால் பென்சிலால் எழுதினாள். பழைய, எல்லாருக்கும் தெரிந்த பெயர். தேதி. இனம் கண்டவர், டி. அமிர்தவள்ளி. துண்டைப் பாட்டிலுக்குள் போட்டு மூடியை இறுக்கி அவர் முன்னால் வைத்தாள்.

கிருஷ்ணராஜ் பையைத் திறந்தார், பாட்டிலைத் தொடவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. காகிதத் துண்டு கொஞ்சநேரம் மேலேயே மிதந்து, நனைந்து, ஒருபுறம் சாய்ந்து, எழுத்து வெளிப்பக்கம் தெரிய ஓடுகளுக்கு நடுவே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.