தோய்க்காத சட்டை

ஜெயக்கொடிக்கு மூன்றாம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. மசக்கைதானே, என் பெண்டாட்டிக்கு மட்டும் என்ன புதிதாக என்று முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு கஞ்சியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் குழந்தை தங்காது என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னதால் அவரை எனக்குப் பிடித்தது.

கல்மண்டபம் பகுதியில் எங்களுக்கு ஒரே அறை. மீன் கூடைகள் போகிற வழியைப் பார்த்த ஜன்னல். மீனை விடுங்கள், சோறு கொதித்தாலும் சோப்பு நனைந்தாலும் ஜெயக்கொடி முற்றத்துக்கு ஓடுவாள்.

நான் திருவொற்றியூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் நைட் ஷிப்ட். இன்டர்மீடியட்டைப் பாதியில் விட்டவன். என்னை, பளபளப்புப் பூச்சு செய்கிற லேக்கர் பிரிவுக்கு மாற்றியதும் அவளுக்கு வாந்தி தொடங்கியதும் ஒரே சமயம். அந்த நெடி அவளுக்கு ஆகாது என்று, ஷிப்ட் முடிந்ததும் கம்பெனிக் குழாயடியிலேயே குளித்து, வேலைச் சட்டையை அலசிக் காயப் போட்டுவிட்டு, வேறு சட்டையில்தான் வீட்டுக்கு வருவேன். அவள் கேட்டுச் செய்ததல்ல. என் யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் காலை சுவரைப் பார்த்துப் படுத்தபடி சொன்னாள்.

"மனோரஞ்சிதம் வாசன வந்தா ஒரு வாய் சோறு எறங்கும்யா."

சடையங்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுத் தோட்டத்தில் அந்தக் கொடி இருந்தது. ஒரு பூவைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டால் நாளெல்லாம் மணக்குமாம். போன மழையில் வெள்ளம் வடியாமல் நின்று வேர் அழுகிவிட்டது. நான் புளியந்தோப்பு லைன் வீட்டில் வளர்ந்தவன். அந்தப் பூவை முகர்ந்ததே இல்லை. எப்படி மணக்கும் என்று கேட்டேன். எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்தப் பழமாக மணக்கும் என்றாள். அப்படியென்றால் அது பூ இல்லை, மோசடி என்று நினைத்தேன்.

பூக்கடையில் கேட்டபோது சிரித்தார்கள். முழம் போட்டு விற்கிற பூவா அது என்றார்கள். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் கொடி இருந்தது, பூ இல்லை. வெயில் காலத்தில் வரச் சொன்னார்கள். வெயில் காலம் வரைக்கும் குழந்தை காத்திருக்காது.

பூ கிடைக்காவிட்டால் அத்தர். எங்கள் தெருமுனையில் அமீருதீன் பாய் கடை இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். ரோஜா, செண்பகம், தாழம்பூ என்று புட்டிகளைத் திறந்து என் புறங்கையில் தடவிக்கொண்டே போனார். எனக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தது. லேக்கர் பிரிவில் வேலை செய்தால் மூக்கு செத்துவிடும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மனோரஞ்சிதத்தில் யாரும் அத்தர் இறக்குவதில்லை, தன் வாப்பா காலத்திலும் கண்டதில்லை என்றார் பாய். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் தாழம்பூ அத்தரில் பஞ்சை நனைத்துக் கொடுத்தார். நான் வாசலைத் தாண்டுமுன்பே ஜெயக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வேலைச் சட்டையோடே சைக்கிளை மிதித்தேன். அந்தக் கோலத்தில் வீட்டுக்குப் போக முடியாது. பாய் கடைக்குப் பின்னால் கிணறு உண்டு. அங்கே குளித்துவிட்டுப் போகலாம் என்று அவர் கடையில் இறங்கினேன்.

பாய் குனிந்து புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"எங்க புட்ச்ச அத்த?"

"எத்த பாய்?"

"இன்னா நைனா, வெள்ளாடுறியா? மனோரஞ்சிதத்த மடில வச்சிகினு என்னாண்ட வந்து மனோரஞ்சிதம் கேக்கற."

மடியில் ஒன்றும் இல்லை என்று காட்டினேன். அவர் எழுந்து வந்து, சண்டைக்காரனைப் பிடிப்பது போல என் காலரைப் பிடித்து முகர்ந்தார். முகம் கோணியது. ஓரடி பின்னால் போய் நின்று மறுபடி முகர்ந்தார்.

"கிட்ட மோந்தா கலீஜு. தள்ளி நின்னு மோந்தா அந்தப் பூதான். இன்னா இது?"

தின்னர், லேக்கரில் கலக்குவது என்றேன். தன் கடையில் இல்லாத வாசனை பெயின்ட் டப்பாவில் இருந்தது பாய்க்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் கிணற்றுப் பக்கம் என்னை விடவில்லை. நீ குளித்தால் உன் பெண்டாட்டியை நீயே பட்டினி போட்ட மாதிரி என்றார்.

தினமும் குழாயடியில் நான் அலசி ஊற்றியது இதைத்தான். அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டு நிற்கவில்லை. செய்ய வேண்டியது தெரிந்துவிட்டது. ஆனால் தின்னர் நெடியில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்பிள்ளைக்காரியின் மூக்கில் அதைத் திணிக்க நான் முட்டாள் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, காட்டம் குறையட்டும் என்று முற்றத்துத் துணிக்கொடியில் வெயிலில் போட்டுவிட்டு, பனியனோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சட்டைக்குக் காவலாண்ணே? யாரும் தூக்கினு போவ மாட்டாங்க அத்த" என்று பக்கத்து அறை ஷம்ஷாத் கேட்டுவிட்டுப் போனாள்.

வெயில் நன்றாக ஏறியதும் சட்டையை ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகக் கட்டினேன். ஜெயக்கொடி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். வாயைப் பொத்தவில்லை. காலரில் காய்ந்திருந்த நீலப் பெயின்ட்டைப் பார்த்தாள்.

"இது பூ இல்ல."

இல்லை என்றேன். என்னவென்றும் சொன்னேன். ஏதாவது பழத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் உண்மையாகவே நினைத்துப் பார்த்தாள்.

"வாழப்பழம் நெனச்சா வாழப்பழம். பலாப்பழம் நெனச்சாலும் வாழப்பழந்தான். எங்கூட்டுப் பூ இப்டி ஏமாத்தாது." ஜன்னல் கம்பியை விடாமல் நின்றாள். "சோறு கீதா?"

பழைய சோறு இருந்தது. மோர் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். ஜன்னலோரம் நின்றபடியே தின்றாள். நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. முற்றத்துக்கு ஓடுவாள் என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். ஓடவில்லை. தட்டை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் போட்டேன்.

சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கொடியிலிருந்து தோய்த்த சட்டை ஒன்றை எடுத்தேன். பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டாள்.

"அத்தயே மாட்டிகினு போ. தோச்சிட்டு வந்தியோ, வூட்டுக்குள்ள வுட மாட்டேன்."

ஜன்னலில் இருந்ததை அவிழ்த்து மாட்டிக்கொண்டு போனேன்.