அமாவாசையன்று ருசித்த சாம்பார்

2025 ஜூன் 25, புதன்கிழமை, நண்பகல் பன்னிரண்டரை மணிக்குத் திண்டிவனத்துத் தனியார் மகளிர் கல்லூரி ஒன்றின் விடுதி உணவுக்கூடத்தில் இரண்டு சாம்பார்கள் ருசி பார்க்கப்பட்டன. ஒன்று, பதினெட்டு ஆண்டுகளாக அங்கே சமைக்கும் அஞ்சம்மாள் வைத்தது. மற்றொன்று, விடுதிச் சமையலை ஒப்பந்தத்துக்குக் கேட்டு வந்த நிறுவனம் வேனில் கொண்டுவந்தது. அறுபது மாணவிகளில் நாற்பது பேர் வேன் சாம்பாரே மேல் என்றனர். அந்த முடிவு நின்றுவிட்டால் அஞ்சம்மாளும் அவளுடைய நான்கு உதவிப் பெண்களும் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதை நிற்கவைக்கத் தாளாளர் ஜெகதீசனுக்கு ஒரு கையொப்பம் தேவைப்பட்டது: புள்ளியியல் துறைத் தலைவர் கிருஷ்ணவேணியின் கையொப்பம்.

மறுநாள் காலை, விழுப்புரத்திலிருந்து வந்து ரயிலிறங்கிய கையோடு கிருஷ்ணவேணி தாளாளரின் அறைக்குப் போனாள்.

"நாப்பதுக்கு இருபது மேடம். பூவா தலையா போட்டா இப்படி வருமா? நூத்துக்கு அஞ்சு வாட்டிகூட வராததத் தற்செயல்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான கிளாஸ்ல சொல்லிக்கினு இருக்கீங்க?" என்றார் ஜெகதீசன்.

"கணக்கு சரிங்க சார். சாப்பிட்டது யாரு?"

"நம்ம பொண்ணுங்கதான்."

"நேத்து அமாவாசை."

"அதனாலதான மேடம் நேத்து வச்சேன். நெறஞ்ச நாளு."

நல்ல நாள் பார்த்தவர், அந்த நாளில் விடுதியில் யார் இருப்பார்கள் என்று பார்க்கவில்லை. விடுதிப் பெண்களில் பாதிப் பேர் மேல்மலையனூர்க் கோயிலில் அமாவாசை இரவில் நடக்கும் ஊஞ்சல் விழாவுக்கு முற்பகலிலேயே பேருந்து ஏறியிருந்தார்கள். மீதிப் பேரில் பலர் விரதம். உணவுக்கூடம் வெறிச்சோடிக் கிடக்கவே, ஒலிபெருக்கியில் அழைத்து, வீட்டிலிருந்து சோறு கட்டிவரும் மாணவிகளை உட்காரவைத்திருந்தார்கள். அஞ்சம்மாளின் சமையலை அவர்கள் அதற்கு முன் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. இனிமேல் யார் சமைத்தாலும் சாப்பிடப் போவதுமில்லை.

"தெனமும் சாப்பிடறவங்க ஊஞ்சல் பாக்கப் போயிட்டாங்க. டிபன் பாக்ஸ்காரிங்க ஓட்டுப் போட்டிருக்காங்க. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஜெகதீசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ரிட்டயர்மெண்டுக்கு எத்தினி வருஷம் இருக்கு மேடம்?"

"ரெண்டு வருஷம். அதுவரைக்கும் போட மாட்டேன். அதுக்கப்புறமும் போட மாட்டேன்."

கையொப்பமில்லாத முடிவை நிர்வாகக் குழு ஏற்கவில்லை. ஜூலையில் சோதனையை அவளே நடத்தினாள். விடுதி மாணவிகள் மட்டும். பத்து வேலை நாள்கள். ஒரே மாதிரியான இரண்டு கிண்ணங்கள். எது யாருடையது என்று பரிமாறுபவருக்கும் தெரியாது. பாதிப் பேர் இதை முதலில் ருசிப்பார்கள், மீதிப் பாதி அதை. பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருத்தியும் மதிப்பெண் போட்டாள். முடிவில் இரண்டு சாம்பாருக்கும் விருப்பத்தில் வேறுபாடு இல்லை. இருந்த சிறு இடைவெளி, நாணயத்தைச் சுண்டினாலும் வரக்கூடியது. ஆனால் இன்னொன்றும் வெளிப்பட்டது. வேன் சாம்பார் தினமும் ஆறரையைச் சுற்றியே நின்றது. அஞ்சம்மாளுடையது ஒருநாள் ஒன்பது, ஒருநாள் நான்கு. நாளுக்கு நாள் ஏறி இறங்கும் இந்தச் சிதறலை அளந்தபோது அது வேன் சாம்பாருடையதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. இது தற்செயல் அல்ல என்று சோதனை தெளிவாகவே சொன்னது.

அதை விட்டுவிடலாம், யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை எழுதும் மாணவியின் தாளில் அவளே குறுக்குக் கோடு போடுகிறவள்தான். ஆனால் தனக்கு வேண்டிய விடையை மட்டும் எடுத்து நீட்டுவது ஜெகதீசன் செய்த வேலையாயிற்றே. அதே வேலையை நல்லவர்களுக்காகச் செய்தால் மட்டும் அதன் பெயர் மாறிவிடுமா? ரயில் மயிலத்தைத் தாண்டுவதற்குள் அவள் முடிவுசெய்துவிட்டாள். அறிக்கையைக் கொடுப்பதற்கு முன் சமையலறைக்குப் போனாள்.

அஞ்சம்மாள் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னா டீச்சரம்மா, ஜெயிச்சிட்டமா?"

"தோக்கல. ஆனா உன் சாம்பார் ஒருநாள் இருக்கிற மாதிரி மறுநாள் இல்ல. ஒருநாள் ஒம்பது மார்க்கு, ஒருநாள் நாலு. அதையும் எழுதப் போறேன்."

கத்தி நின்றது. "அத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"எனக்கோசரம் சண்ட போடறேன்னு வந்துட்டு, என் வயித்துலயே அடிக்கிறீங்களே."

"உனக்காக நான் சண்டை போடல அஞ்சம்மா. பொய்க்குக் கையெழுத்து கேட்டாங்க. அதுக்காகத்தான் சண்டை போட்டேன்."

 அஞ்சம்மாள் பரங்கிக்காயை ஒரே வெட்டில் பிளந்தாள். "எழுதுங்க. நல்லா எழுதுங்க. ஒண்ணு மட்டும் சேத்துக்குங்க. நான் ஒம்போது மார்க்கு வாங்கன சாம்பார, அந்த வேன்காரன ஒரே ஒரு நாளு வைக்கச் சொல்லுங்க பாப்போம்."

கிருஷ்ணவேணி நின்றபடியே பத்து நாள் மதிப்பெண்களையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். வேன் சாம்பார் ஒருநாளும் ஏழு மதிப்பெண்ணைத் தொட்டிருக்கவில்லை. அதையும் எழுதினாள்.

ஜூலை 28 அன்று கூடிய நிர்வாகக் குழு இவ்வாறு முடிவுசெய்தது: ஒப்பந்தம் யாருக்கும் தரப்படாது. அஞ்சம்மாளும் நான்கு பெண்களும் வேலையில் தொடர்வார்கள். உப்பும் புளியும் இனி அளந்தே போடப்பட வேண்டும். அதற்கு ஓர் எவர்சில்வர் குவளை வாங்கித் தரப்படும். மூன்று மாதம் கழித்து, அமாவாசை அல்லாத நாள்களில், மறுசோதனை நடக்கும். புள்ளியியல் துறைத் தலைமை அடுத்த பருவத்திலிருந்து வேறொருவருக்கு மாற்றப்படும்.

குவளை மறுநாளே வந்தது. அதில் தண்ணீர் ஊற்றிக் கறிவேப்பிலைக் கொத்தைச் செருகி ஜன்னலோரம் வைத்திருந்தாள் அஞ்சம்மாள். கிருஷ்ணவேணி வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தாள். பார்வையை எடுக்காமலே உப்புச் சாடிக்குள் கையை விட்டு அள்ளி, கொதிக்கும் சாம்பாருக்கு மேலே விரல்களை விரித்தாள்.