குளிருக்கு ஐந்து சட்டை

டமார்!

சைக்கிள் கேட்டில் மோதிய சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. கேட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே கட்டு அவிழாத துணிப்பொதி மாதிரிக் கிடந்தாள் திவ்யதர்ஷினி.

"மூணாவது தடவை," என்றான் அவள் கணவன் திலீப். தூக்கிவிடக் கை நீட்டினான்.

"எண்ணிக்கிட்டே இருங்க!" கையைத் தட்டிவிட்டு அவளே எழுந்தாள். எழுவதே பெரும்பாடாக இருந்தது. உள்ளே இரண்டு பருத்தி டீஷர்ட், அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் திலீப்பின் மோட்டார் சைக்கிள் ஜேக்கெட். முழங்கை மடங்க மறுத்தது. உச்சி வெயிலில் மலாக்காவின் பத்து பெரண்டாம் பகுதித் தார்ச் சாலை தகித்தது.

பக்கத்துத் தொழிற்சாலையில் அவள் இன்ஜினியர். எட்டு வருடம் முட்டி மோதியதற்கு இப்போதுதான் பலன் வந்திருக்கிறது. ஹாலந்தில் ஆறு மாதப் பயிற்சி, டிசம்பரில் புறப்பட வேண்டும். அங்கே தங்குமிடத்திலிருந்து வேலைக்குச் சைக்கிள்தான். திங்கட்கிழமை பதில் சொல்லாவிட்டால் வாய்ப்பு வேறு ஆளுக்குப் போய்விடும். திலீப் குறுக்கே நிற்கவில்லை. 'குளிர் உடுப்போட ஓட்டிக் காட்டு, அப்புறம் தாராளமா போ' என்று மட்டும் சொன்னான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் புருஷனை விட்டு விமானம் ஏற அவளுக்கும் மனமில்லை. சரியென்று தலையாட்டித் தொலைத்தாள். அன்றே தெங்கேராவில் பழைய துணி விற்கும் பண்டல் கடைக்கு ஓடியவன், ஒரு பை நிறைய ஸ்வெட்டரோடு திரும்பினான். அவள் ஒவ்வொரு முறை விழுந்ததும் ஒன்றைக் கூட்டினான்.

"என்னாலா திவ்யா, கேமரன் மலைக் குளிருக்கா போற?" பக்கத்துவீட்டு ஜானகி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இல்லக்கா, இவரு என்னை இங்கயே அவிச்சு எடுக்குறாரு!"

வேர்வை கண்ணில் இறங்கியது. ஸிப்பைத் தேடிக் கழுத்துக்குக் கை போனது. அங்கே ஸிப் இல்லை. மலாக்காவில் மோட்டார் ஓட்டுபவர்களில் பாதிப் பேரைப்போல, ஜேக்கெட்டை முன்பின் மாற்றி மாட்டிவிட்டிருந்தான் திலீப். ஸிப் முதுகில் இருந்தது.

"கழட்டுங்கப்பா! எனக்கு எட்டல!"

"சபார்லா, கொஞ்சம் பொறு. அந்தக் குளிர்ல யாரு ஸிப்பக் கழட்டுவா? இப்படிப் போட்டாத்தான் நெஞ்சுல காத்து அடிக்காது."

"ஐயோ! இது என்ன மோட்டாரா, சும்மா உக்காந்து முறுக்க? மிதிச்சா உடம்பு கொதிக்கும். வேர்வை சட்டையில ஊறிச்சுன்னா அப்புறம் அதுவே குளிரும். ஓட்டிக்கிட்டே ஸிப்ப இறக்கணும், நின்னா ஏத்தணும். அதுக்குத்தான் அடுக்கடுக்கா போடுறது. மூட்டை கட்டுறதுக்கு இல்ல!"

அவன் ஸிப்பை இறக்கியதும் அத்தனையையும் உரித்து நாற்காலியில் எறிந்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது மூன்றே உருப்படி: வேர்வை சீக்கிரம் காயும் பேட்மிண்டன் ஜெர்சி, மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், அதே ஜேக்கெட். இந்த முறை ஸிப் முன்னால்.

ஏறினாள். சைக்கிள் ஆடாமல் போனது. தெருமுனைத் திருப்பத்தில் ஒரு கையை எடுத்து ஸிப்பைப் பாதி இறக்கினாள். காற்று உள்ளே புகுந்து வேர்வையைத் தொட்டது. சுற்றிவந்து கேட்டருகில் பிரேக் பிடித்து, ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

"சபாஷ்!" என்றாள் ஜானகி.

"பாத்தீங்கல்ல? திங்கக்கிழமை சரின்னு சொல்லிரவா?"

திலீப் பையிலிருந்து இன்னொரு ஸ்வெட்டரை எடுத்து வைத்திருந்தான். அதை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

"அதான் ஓட்டிட்டேனே, இன்னும் அது எதுக்கு?"

அவன் நிமிரவேயில்லை.

"இதையும் போட்டா, 'போதும், நான் போகல'ன்னு நீயே சொல்லிருவன்னு நெனச்சேன், திவ்யா."