சுந்தரியின் ஆறு நிமிடம்

நான்கு மணி நேரம் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தின் மேல் சுந்தரிக்கு இருந்த ஆத்திரம், பாகப்பிரிவினையில் வம்பு பண்ணிய கொழுந்தன் மேல்கூட இருந்ததில்லை. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்தவள் என்று தெருவே பாராட்டியபோது சிரித்து வைத்தாள். வீட்டுக்குள் வந்ததும் பதக்கத்தைக் கழற்றி அரிசி டின் மேல் போட்டாள். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கத் தெரியாதவளுக்குப் பதக்கம் ஒரு கேடா என்று இருந்தது.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் தையல் பிரிவில் இருக்கிறாள். வயது நாற்பத்திரண்டு. கிலோமீட்டருக்கு ஒரு வயசு என்று கிண்டல் பண்ணுவாள் பில்கிஸ், பக்கத்து மிஷின்காரி. ஓட்டம் வந்ததே ஒரு ஹாட்பாக்கால்தான். நான்கு வருடத்துக்கு முன் கம்பெனி ஆண்டு விழாவில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். பெண்களுக்கு முதல் பரிசு ஹாட்பாக். அதற்காக ஓடினாள். ஹாட்பாக்கும் வந்தது, கூடவே பைத்தியமும் பிடித்தது. அன்றிலிருந்து ஏழரை மணி கம்பெனி வேனுக்கு முன்னால், மாதனூர்ப் பக்கம் போகும் சர்வீஸ் ரோட்டில் தினமும் ஓடுகிறாள். தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றத்துக்கு மூக்கு பழகிவிட்டது. நாய்களுக்கு அவள் பழகிவிட்டாள். டீக்கடைக்காரர்கள்தான் இன்னும் பழகவில்லை. "இன்னாம்மா, யாராச்சும் தொரத்துறானா?" என்று நான்கு வருடமாக அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

அந்த ஆறு நிமிடம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை வருடம் ஆயிற்று. கண்டுபிடித்தபோது தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

தையல் லைனில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கு ஆளுக்கு ஐம்பது ஜோடி அப்பர் தைக்க வேண்டும். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். காலையில் கை துறுதுறுவென்று இருக்கும், ஐம்பத்தைந்துகூட வரும். ஆனால் எந்தப் பெண்ணும் ஐம்பத்தைந்தைக் காட்ட மாட்டாள். காட்டினால் மறுநாள் இலக்குப் போர்டில் ஐம்பத்தைந்து என்று எழுதிவிடுவார்கள். மிச்சம் ஐந்தை மேசைக்கடியில் ரெக்ஸின் பைக்குள் தள்ளிவிடுவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் நேரத்தில் அந்தப் பை காப்பாற்றும். நாற்பதுதான் தைத்திருப்பாள், கணக்கில் ஐம்பது நிற்கும். சுந்தரிக்கு இது மூச்சு விடுவது மாதிரி.

போன வருடம் சென்னை மராத்தானில் அவள் கால்கள் அதையேதான் செய்தன. உடம்பு தெம்பாக இருக்கும்போதே நாலு நிமிடம், ஐந்து நிமிடம் என்று முன்கூட்டி ஓடிச் சேர்த்து வைத்தாள். பாதித் தூரத்தை ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் கடந்தாள். பத்து நிமிடம் பைக்குள் இருக்கிறது என்று மனசுக்குள் ஒரே கும்மாளம். முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் கால் கல்லானபோது, சேர்த்து வைத்ததை எடுக்கலாம் என்று பார்த்தால் பையும் இல்லை, மேசையும் இல்லை. சாலையில் எதையும் ஒளித்து வைக்க முடியாது. முதலில் ஓடிய வேகத்துக்குப் பின்னால் உடம்பு வட்டி போட்டு வாங்கிக்கொண்டது. கடைசி நான்கு கிலோமீட்டரை நடையும் நொண்டலுமாக முடித்தாள்.

இந்த வருடம் வேறு மாதிரி பழகினாள். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நாற்பது நொடி. முதல் கிலோமீட்டரும் அதே, கடைசிக் கிலோமீட்டரும் அதே. பொங்கலுக்குப் பிந்தைய ஞாயிற்றுக்கிழமை வேலூரில் மராத்தான். கோட்டையிலிருந்து புறப்பட்டு ஆற்காடு ரோட்டில் போய்த் திரும்ப வேண்டும். பேர் கொடுத்தாள். இந்த முறை விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தது சனியன். மதியழகன் என்று பெயர். டைம் ஸ்டடி ஆபீசர், வயது இருபத்தெட்டு, கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். எந்த வேலைக்கு எத்தனை நொடி என்று அளப்பதுதான் அவனுக்கு வேலை. அவன் வந்து நின்றால் லைன் முழுக்கக் கைகள் தாமாகவே மெதுவாகிவிடும்.

"சுந்தரியக்கா, மராத்தான் எல்லாம் ஓடறீங்களாமே! சொல்லவே இல்ல?" என்று லைனுக்கே கேட்கும்படி சொன்னான். "நாலு மணி நேரம் நிக்காம ஓடற ஆளுக்கு அம்பது ஜோடியெல்லாம் ஒரு மேட்டரா? ஞாயித்துக்கெழம நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டு வாங்க. திங்கக்கெழம போர்டுல அறுபது போட்டுடலாம். உங்க பேரச் சொல்லியே போடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னதை எல்லாம் செய்கிற ஆள் அவன் என்று லைனில் இருந்த நாற்பது பேருக்கும் தெரியும். அறுபது தைக்க முடியாதவர்களை வேன் போன பிறகும் உட்கார வைப்பான். போன வருடம் அடுத்த லைனில் அதுதான் நடந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது. பில்கிஸ்தான் ஆரம்பித்தாள். அவளுடைய வலது மணிக்கட்டில் ஆறு மாதமாகக் கட்டு.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நாலு மணி அஞ்சு நிமிஷம் ஓடேன். இன்னா கெட்டுப் போச்சு? அப்பவும் போன வருசத்துக்கு ஒரு நிமிஷம் கம்மிதானே?"

"நீ தைச்ச அப்பர யாராச்சும் வந்து ஒரு தையலப் பிரிச்சுட்டு குடுன்னு கேட்டா குடுப்பியா?"

"அது வேற, இது வேற. என் கை அறுபதுக்குத் தாங்காது அக்கா."

சுந்தரிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பில்கிஸ் மேல் கோபமில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை என்பதுதான் கோபம். "பத்தொம்பது வருசமா கையக் கட்டி வெச்சிகினு இருக்கேன். என் கைக்கு இன்னா வேகம்னு எனக்கே தெரியாது. இப்ப காலையும் கட்டணுமா? ஒரே ஒரு எடத்துலதான் முழுசா இருக்கேன் பில்கிஸ். அதையும் கேக்கறீங்களே" என்று டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. சனிக்கிழமை முழுக்க இரண்டு மிஷினுக்கும் நடுவில் ஒரு பேச்சு இல்லை. மாலை வேனில் ஏறாமல் சுந்தரி பஸ்ஸில் போனாள்.

வீட்டுக்காரர் கோவிந்தசாமி டேனரியில் தோல் ஊறும் டிரம்மை ஓட்டுகிறவர். அவருக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் மாட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவன் கம்பெனிக்குத்தானே ஆபீசரு? ஆற்காடு ரோட்டுக்குமா?" என்று மட்டும் கேட்டார். ஞாயிறு விடியுமுன் வண்டியில் உட்கார வைத்துக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டார்.

ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. எட்டாவது கிலோமீட்டரிலேயே கால்கள் பழைய புத்தியைக் காட்டின. இப்போதே கொஞ்சம் சேர்த்து வை, பிற்பாடு உதவும் என்று நச்சரித்தன. சும்மா இருங்கடி என்று அதட்டி வைத்தாள். அவளைத் தாண்டி எத்தனையோ பேர் பறந்தார்கள். கால் சராயும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெங்களூர்க்காரர், "கமான் ஆன்ட்டி!" என்று உற்சாகப்படுத்திவிட்டுப் போனார். போய்யா போ, முப்பத்து மூன்றில் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். ரத்தினகிரி தாண்டியதும் சூரியன் நேர் எதிரே எழுந்தது. திரும்பும் இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி ஐம்பத்தொன்பதரை நிமிடம். கையில் ஒரு நிமிடம்கூட உபரி இல்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம் வந்தது.

முப்பத்திரண்டு வரை சொன்ன பேச்சு கேட்டது உடம்பு. அதே பெங்களூர்க்காரர் ஓரமாக உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்ததைத் தாண்டி வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கும் சிக்கல் ஆரம்பித்தது. வெயில் முதுகில் ஏறியது. தொடைக்குள் யாரோ ஊசி நூல் கோத்து இழுக்கிற மாதிரி இருந்தது. கிலோமீட்டருக்கு இருபது நொடி கைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. சத்துவாச்சாரியில் முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்ப் பலகைக்கு வந்தபோது மூன்று மணி முப்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. மீதி நான்கு கிலோமீட்டருக்கும் சில்லறைக்கும் இருபத்து மூன்று நிமிடம். அப்படியென்றால் காலையிலிருந்து ஓடிய எந்தக் கிலோமீட்டரையும்விட வேகமாக இனி ஓட வேண்டும்.

விட்டுவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை, நியாயமும் பேசியது. நீ மெதுவாக வந்தால் போர்டில் ஐம்பது அப்படியே இருக்கும். பில்கிஸ் கை பிழைக்கும். நாற்பது பேர் உன்னை வாழ்த்துவார்கள். தோற்பதற்கு இவ்வளவு நல்ல காரணம் யாருக்குமே கிடைத்திருக்காது. அந்த நல்ல காரணத்தைக் கண்டு அவள் பயந்துபோனாள். கால் வலிக்கிறது என்பதை மறைத்துத் தியாகம் என்று பேர் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று தன்னையே திட்டினாள். திட்டிக்கொண்டே வேகத்தைக் கூட்டினாள்.

முப்பத்தொன்பது போனது. நாற்பது போனது. மூச்சு வாங்கும் சத்தம் தனக்கே அசிங்கமாகக் கேட்டது. நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில், தண்ணீர் கொடுக்கும் பந்தலுக்குப் பக்கத்தில், கறுப்பு பர்தாவில் ஒருத்தி நின்றிருந்தாள். கையில் கட்டு. பின்னால் ஜஹீருன்னிசா, முனியம்மா, இன்னும் லைன் பெண்கள் ஏழெட்டுப் பேர். ஆம்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள்.

சுந்தரி அவர்களைப் பார்த்துவிட்டாள். இங்கேயும் வந்துவிட்டார்களா! இவ்வளவு தூரம் வந்து, கண்ணெதிரே நின்று கேட்டால் எப்படி மறுப்பது? முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிவிடலாம் என்று பார்த்தாள்.

பில்கிஸ் சாலைக்குள்ளேயே இறங்கிவிட்டாள். "இன்னாக்கா இப்படி இழுத்துகினு வர்ற? ஓடு! டைம் கம்மியா இருக்கு, ஓடு!"

"பில்கிஸ், அறுபது…" வாயில் அதற்கு மேல் வரவில்லை.

"அறுபத நாங்க பாத்துக்கறோம்! நேத்து வேன்லயே பேசிட்டோம்! ரெண்டு பேருன்னா உக்கார வெப்பான், நாப்பது பேர எங்க உக்கார வெப்பான்? நீ ஓடுக்கா!"

பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது அடி கூடவே ஓடி வந்தாள், செருப்பு ஒன்று கழன்று விழும்வரை. சுந்தரி அழுதாள். அழுதுகொண்டே ஓடினாள். அழுகை மூச்சைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் அதையும் நிறுத்திவிட்டு ஓடினாள். அகழி தெரிந்தது, கோட்டை மதில் தெரிந்தது, முடிவுக் கோட்டின் வளைவு தெரிந்தது. வளைவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தொரு நொடி.

இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி நின்றவள் நிமிர வெகு நேரம் ஆயிற்று. கோவிந்தசாமி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "முடிஞ்சிதா?" என்று கேட்டார். "முடிஞ்சிது" என்றாள்.

திங்கட்கிழமை காலை போர்டில் அறுபது என்று எழுதியிருந்தது, சொன்னபடியே. பக்கத்தில் சுந்தரியின் பெயர், வாழ்த்துகளோடு. ஸ்வீட் பாக்ஸ்கூட வாங்கி வந்திருந்தான் மதியழகன். எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்துச் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். பிறகு சைரன் அடித்தது.

முதல் மணி முடிந்தபோது ஐம்பது. இரண்டாவது மணியிலும் ஐம்பது. மூன்றாவது மணியில் மதியழகன் மிஷின் மிஷினாகப் போய் நின்று அளந்தான். முனியம்மாவிடம் ஐம்பது, ஜஹீருன்னிசாவிடம் ஐம்பது. கட்டுப் போட்ட பில்கிஸின் மிஷினிலும் ஐம்பது, ஏனென்றால் இரண்டு பக்கத்துக்காரிகளும் தங்கள் பையிலிருந்த உபரியை அவள் தட்டில் தள்ளிவிட்டிருந்தார்கள். நாற்பது பேரில் ஒருத்திகூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. யாரைத் தனியாகப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் சுந்தரியின் பின்னால் வந்து நின்றான். ஸ்டாப்வாட்சை அமுக்கினான். அவள் ஊசிக்கடியில் தோலை நிதானமாகத் திருப்பினாள்.

"இன்னாக்கா இது? நேத்து அந்த ஓட்டம் ஓடினீங்க, பேப்பர்ல எல்லாம் வந்திருக்கு. இன்னிக்கு மட்டும் கை இப்படி நவுருது?"

சுந்தரி பெடலிலிருந்து காலை எடுத்தாள். திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் ஆபீசர் யாரையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"நேத்து கடிகாரம் என் கையில இருந்துது சார்" என்றாள்.

மறுபடி பெடலை மிதித்தாள். அந்த மணியிலும் லைனில் ஐம்பதுதான் வந்தது.