லைல் டிரிஸ்கலை ஆட விடாதீர்கள்

மத்தியானம் சாண்ட்விச்சைப் பிரிக்கிற நேரம் பார்த்து லைல் டிரிஸ்கல் கேமராத் திரையில், ஒரு சீட்டாட்ட மேசையில் வந்து உட்கார்ந்தார். நடீன் ஹக்கபி சாண்ட்விச்சை அப்படியே மூடி வைத்தாள். ரீனோவில் எந்தச் சூதாட்ட விடுதியின் கண்காணிப்பு அறையிலும் அந்த முகத்தைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது.

பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்டத்தில் இறங்கிய சீட்டுகளை மனதில் கணக்கு வைத்து, மிச்சமிருப்பவை தனக்குச் சாதகமாகும்போது மட்டும் பந்தயத்தை ஏற்றுகிற ஆட்கள் உண்டு. சட்டப்படி குற்றமில்லை. மூளையை உபயோகிப்பது எந்த ஊரில் குற்றம்? ஆனால் விடுதிக்காரர்களுக்கு மூளையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் விருந்தாளிகள். ஓர் இடத்தில் ஒருவன் பிடிபட்டால் அவன் படம், பழக்கம், புனைபெயர் எல்லாம் அன்றைக்கே மற்ற விடுதிகளுக்குப் போய்விடும். வியாபாரத்தில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறவர்கள் இதில் மட்டும் அண்ணன் தம்பி.

லைலைப் பற்றிய முதல் தகவலை அனுப்பியதே நடீன்தான். அதற்கப்புறம் ஒட்டுத்தாடி, சக்கர நாற்காலி என்று எந்த வேஷத்தில் வந்தாலும் அவள் கண்டுபிடித்தாள். அதற்கு ஒரே வழி, அவரோடு சேர்ந்து அவளும் எண்ணுவது. நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அந்த மனிதரின் மூளை போகிற போக்கு, அவர் பெற்ற பிள்ளைகளைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இன்று வேஷமே இல்லை. கீழே கவுண்டரில் சொந்தப் பெயரைச் சொல்லி உறுப்பினர் அட்டை வேறு கேட்டு வாங்கியிருந்தார். நடீனுக்குச் சுருக்கென்றது. பக்கத்து விடுதியின் கண்காணிப்பாளன் ஆர்ட்டுரோவைப் போனில் கூப்பிட்டாள்.

"நேத்து இங்கயும் வந்தாரு" என்றான் அவன். "நாங்க முழிச்சுக்கறதுக்குள்ள எழுந்து போயிட்டாரு. தோத்துட்டுப் போனாரு, அதான் மண்டை காயுது. ஏதோ புது வித்தை காட்டுறாருன்னு பேசிக்கிறோம். நீ பாத்துச் சொல்லு. அந்தாளு விஷயத்துல உன் பேச்சுதான் எங்களுக்கு வேதவாக்கு."

நடீன் எண்ணத் தொடங்கினாள். சீட்டு அவருக்குச் சாதகமாக இருந்தபோது லைல் ஒற்றைப் பந்தயச் சில்லை வைத்தார். பாதகமானபோது ஒரு குவியலையே தள்ளினார். ஏமாற்றுவதற்காகத் தப்பாக ஆடுகிறவர்கள் சின்னப் பந்தயத்தில்தான் தப்புச் செய்வார்கள். குவியலை வைத்து எவனும் நடிக்க மாட்டான்.

கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒருநாளும் அசையாத உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டே போய் எங்கோ நின்றன. அவர் சீட்டுகளை மலங்க மலங்கப் பார்த்தார். பிறகு உதடுகள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தன.

இத்தனை வருஷம் துரத்தியவள் கைதட்ட வேண்டியதுதானே? அவளுக்கு அழுகை வந்தது.

கீழே மேசைகளுக்குப் பொறுப்பான கர்ட் போனில் வந்தான். "என்னம்மா, எழுப்பி அனுப்பவா? தோத்துக்கிட்டேல்ல இருக்காரு. சொல்லப்போனா ஒரு ரூம், ராத்திரிக்கு நல்ல கறிச் சாப்பாடுன்னு ஓசில குடுத்து உக்கார வச்சிரலாம்."

உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நேற்றுவரை கதவைச் சாத்தியவர்கள் கார் அனுப்பி அழைப்பார்கள். கிழவரைக் கட்டின துணியோடு நிறுத்திவிட்டுத்தான் விடுவார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் இனி எந்த அறையும் அவள் பேச்சை நம்பாது, வேலையும் போய்விடும். கேமராப் பதிவு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"எழுப்பு கர்ட்."

"நெஜமாவா?"

"தோக்குற மாதிரி தெரியுதுல்ல? அதான் அவரு கெட்டிக்காரத்தனம். இன்னும் கொஞ்சம் விட்டா உன் மேசையத் தொடைச்சு எடுத்துருவாரு. மரியாதையாச் சொல்லு. மேல கை வைக்காத. நம்ம வண்டியிலயே வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்லு."

திரையில் கர்ட் குனிந்தான். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்காமலே அவளுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற ஒரே வாசகம் அது: உங்க ஆட்டத்துக்கு நாங்க தாங்க மாட்டோம், ஐயா. அதுவரை குழம்பிப்போய் உட்கார்ந்திருந்த லைல் நிமிர்ந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஜெயித்தவர் மாதிரி எழுந்து நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் கர்ட் மறுபடி கூப்பிட்டான். "அனுப்பியாச்சு. ஏறும்போது என்ன சொன்னாரு தெரியுமா? 'மேல உக்காந்திருக்கறது யாரோ, என்னைச் சரியாப் புரிஞ்சவங்க அவங்க ஒருத்தருதான், நான் விசாரிச்சேன்னு சொல்லு'ன்னாரு. நக்கலா?"

"நக்கல்தான்" என்றாள் நடீன். போனை வைத்தாள்.

பிறகு எல்லா விடுதிகளுக்கும் போகிற தகவலைத் தட்டினாள். 'லைல் டிரிஸ்கல் இன்று இங்கே வந்தார். தோற்பது நடிப்பு. முன்னைவிட ஆபத்தானவர். எங்கும் ஆட விடாதீர்கள்.' வழக்கமாகக் கீழே விடுதியின் பெயர் மட்டும்தான் இருக்கும். நடீன் தன் முழுப்பெயரையும் போட்டு அனுப்பினாள்.